ஊட்டியில் போட்டோ, சென்னையில் பூட்டு உடைப்பு!

- நமது நிருபர்

டீக்கடையில் ஒரு பந்தயம். பந்தயம் நாலு டீ, நாலு மசால் வடை.

விஷயம் இதுதான். நண்பர் ஒருவர் குமாஸ்தா. "கடுமையான காய்ச்சல்" என்று மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் அவர் மனைவி செல்போனில் ஒரு போட்டோ போட்டார். ஊர் பெயர் போடவில்லை. உஷார் பேர்வழிகள்!

போட்டோவில் குடும்பத்தோடு நாலு பேர். ஆளுக்கொரு ஸ்வெட்டர். காய்ச்சல்காரர் தலையில் குரங்குக் குல்லா. கையில் சுட்ட சோளம். பின்னால் ஏரி. ஏரியில் படகு.

"கொடைக்கானல்" என்று அடித்துச் சொன்னார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

"ஏற்காடு" என்றான் கூரியர் பையன்.

"ஊட்டி" என்றேன் நான். ஏன் ஊட்டி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சும்மா அடித்துவிட்டேன்.

டீ மாஸ்டர் கிளாஸ் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "படத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ணு தம்பி" என்றார். பண்ணினேன். ஏரிக்கு அந்தப் பக்கம், ஓரத்தில், நீல நிறத்தில் தீப்பெட்டி மாதிரி ஏதோ ஒன்று.

"அது ரயில் பெட்டிப்பா. கொடைக்கானல்ல ஏது ரயில்? ரயில் எல்லாம் கொடை ரோட்டோட சரி. ஏற்காட்டுக்கும் ரயில் கிடையாது. ஏரிக்கரை ஓரமா ரயில் போனா அது ஊட்டிதான்."

அடேயப்பா! ஜேம்ஸ்பாண்ட் தோற்றார்.

நாலு டீ, நாலு வடையும் ஜெராக்ஸ் கடைக்காரர் கணக்கில் ஏறியது. காய்ச்சல்காரரின் குட்டு வெளிப்பட்டதில் எல்லாருக்கும் ஒரே குஷி. சிரித்துக்கொண்டே கிளம்பினேன்.

அன்று சாயங்காலம் இன்னொரு ஊட்டி போட்டோ என் கண்ணில் பட்டது. அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

14 சவரன் அபேஸ்

சென்னையின் மேற்குப் பக்கம் ஒரு புறநகர். ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். பூட்டிய வீட்டில் பூட்டை உடைத்துக் கைவரிசை என்று தகவல் வந்தது. ஓடினேன்.

முன்கதவுப் பூட்டு நெம்பிக் கிடந்தது. பீரோ திறந்து கிடந்தது. பட்டுப் புடவைகள் தரையில். 14 சவரன் நகை, வெள்ளிக் குத்துவிளக்கு ஒன்று, காமாட்சி விளக்கு ஒன்று. எல்லாம் அபேஸ். மூத்த பெண்ணுக்கு என்று இரண்டு சவரன், மூன்று சவரனாகச் சேர்த்த நகை.

வீட்டுக்கார அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. "நான்தான் போட்டேன், நான்தான் போட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எதைப் போட்டார்? போட்டோவை.

அந்த போட்டோவை மகள் எனக்குக் காட்டினாள். ஃபேஸ்புக்கில் போட்டது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதிலும் ஊர் பெயர் இல்லை. புல்வெளி, பூச்செடி, ஐந்து பேர். அவ்வளவுதான். ஆனால் அதற்குக் கீழே சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் எழுதியிருந்தார்கள் பாருங்கள், அதைப் படித்ததும் எனக்குத் திடுக்கென்றது.

"சூப்பர்! எந்த ஊரு?"

"மரத்தைப் பார்த்தா ஊட்டி மாதிரி இருக்கே."

"ஊட்டி பொட்டானிக்கல் கார்டனேதான். போன வருஷம் நாங்க இதே இடத்துலதான் நின்னு எடுத்தோம்."

"பாட்டியையும் கூட்டிட்டுப் போயிட்டீங்களா?"

"ஆமா அக்கா, எல்லாரும் வந்திருக்கோம்."

"எப்போ ரிட்டர்ன்?"

"ஞாயிறு நைட்."

பூட்டு உடைந்தது வெள்ளிக்கிழமை ராத்திரி.

இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். திருடன் இந்த போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் வந்தான் என்று போலீஸ் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். தெருவில் நோட்டம் பார்த்து வந்திருக்கலாம். ஆனால் ஒரு திருடன் காசு கொடுத்து ஆள் வைத்து விசாரித்தாலும் இவ்வளவு தகவல் கிடைக்காது. வீட்டில் பாட்டிகூட இல்லை. ஊட்டிக்கும் சென்னைக்கும் சுமார் 550 கிலோமீட்டர். நீலகிரி எக்ஸ்பிரஸ் ராத்திரி மேட்டுப்பாளையத்தில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் சென்ட்ரல். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு போன் பண்ணினாலும் விடிவதற்குள் வந்து சேர முடியாது.

முகவரி? அதுவும் இருக்கிறது. அதே கணக்கில் போன வருஷத்துக் கிரகப்பிரவேச போட்டோ. வாசல் கேட்டில் கதவு எண், வீட்டுப் பெயர், பின்னால் தெரு முனைப் பிள்ளையார் கோயில். 2022 ஜூலையில் கூகுளின் தெருக்காட்சி சென்னைக்கும் வந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே பல தெருக்களைப் பார்த்துக்கொண்டு போகலாம்.

டூர் போட்டோவைப் பார்த்ததும் நாம் "எங்கே இருக்கிறார்கள்?" என்றுதான் கேட்கிறோம். திருடன் கேட்கிற கேள்வி வேறு. "எங்கே இல்லை? எவ்வளவு தூரத்தில் இல்லை?"

பழைய நோட்டம், புது நோட்டம்

பூட்டிய வீட்டை மோப்பம் பிடிப்பது புதுசு இல்லை. அந்தக் காலத்திலேயே அதற்கு அடையாளங்கள் உண்டு. வாசலில் இரண்டு நாள் பேப்பர் கிடக்கும். பால் பாக்கெட் வெயிலில் உப்பிக் கிடக்கும். வராந்தா விளக்கு பட்டப்பகலில் எரியும். முக்கியமாக, வாசலில் கோலம் இருக்காது. தெருவெல்லாம் கோலம், ஒரு வீட்டு வாசல் மட்டும் காய்ந்து கிடந்தால் போதும். புரிந்துகொள்கிறவன் புரிந்துகொள்வான்.

அதனால்தான் நம் அம்மாக்கள் ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள். பேப்பரை எடுத்து வை, ஒரு கோலம் போட்டு விடு, ராத்திரி விளக்குப் போடு என்று. போலீசும் பண்டிகை தவறாமல் சொல்கிறது. வெளியூர் போனால் ஸ்டேஷனில் தகவல் கொடுங்கள், ரோந்து வருகிறோம் என்று. எத்தனை பேர் கொடுக்கிறோம்? ஸ்டேஷன் படி ஏற நமக்கு வெட்கம். ஊருக்கே போட்டோ போட வெட்கம் இல்லை.

பழைய நோட்டக்காரன் தெருத் தெருவாக நடக்க வேண்டும். நாய் குரைக்கும். யாராவது "யாருப்பா நீ?" என்பார்கள். இன்று அவன் எங்கேயோ ஒரு லாட்ஜில் படுத்துக்கொண்டே பார்க்கலாம். நாயும் இல்லை, கேட்கிற ஆளும் இல்லை.

பாரீசில் பெருங்கொள்ளை

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2016 அக்டோபரில் பாரீஸ் நகரத்தில் அமெரிக்க டி.வி. பிரபலம் கிம் கர்தாஷியான் தங்கியிருந்த இடத்தில் கொள்ளைக் கும்பல் புகுந்தது. போலீஸ் வேஷம். துப்பாக்கி முனையில் அவரைக் கட்டிப்போட்டார்கள். பறிபோன நகைகளின் மதிப்பு சுமார் ஒரு கோடி டாலர். பிறகு மாட்டிய ஆசாமிகளில் பலர் கிழவர்கள்! அதனால் பிரெஞ்சுப் பத்திரிகைகள் "தாத்தா கொள்ளையர்கள்" என்றே பெயர் வைத்தன. அவர்களில் ஒருவர் போலீசிடம் சொன்னது என்ன தெரியுமா? அந்த அம்மாள் எப்போது வருகிறார், என்ன நகை போட்டிருக்கிறார் எல்லாமே இன்டர்நெட்டில் இருந்தது, பார்த்தால் போதும் என்று. 2025 மே மாதம் எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது.

தாத்தாக்களுக்கே தெரிந்திருக்கிறது!

அதையும் மிஞ்சியது 2019 செப்டம்பரில் டோக்கியோவில் நடந்தது. மேடையில் பாடும் ஓர் இளம்பெண். தன் முகத்தைத் தானே போட்டோ எடுத்துப் போட்டாள். முகம் மட்டும்தான். ஊர் இல்லை, தெரு இல்லை. 26 வயது ஆசாமி ஒருவன் அந்தப் படத்தைப் பெரிசு பண்ணினான். அவள் கண்மணியில் ஒரு ரயில் நிலையம் பிரதிபலித்தது! தெருக்காட்சியோடு ஒப்பிட்டு அது எந்த நிலையம் என்று கண்டுபிடித்தான். நிலையத்தில் காத்திருந்தான். வீடு வரை பின்தொடர்ந்து தாக்கினான். அவள் வீட்டில் எடுத்த வீடியோக்களில் திரைச்சீலையையும் வெளிச்சம் விழும் திசையையும் பார்த்து எந்த மாடி என்றுகூடக் கணக்குப் போட்டிருந்தானாம். பிடிபட்டுவிட்டான். ஆனால் நினைத்துப் பாருங்கள். டீ மாஸ்டர் ரயில் பெட்டியைப் பார்த்ததற்கும் இவன் ரயில் நிலையத்தைப் பார்த்ததற்கும் வித்தையில் என்ன வித்தியாசம்? ஒன்றும் இல்லை. வித்தை ஒன்றுதான். கண்டுபிடித்ததை வைத்து என்ன செய்தான் என்பதில்தான் இருக்கிறது.

தலைமறைவுக்காரர் மாட்டிய கதை

திருடனுக்கு மட்டும்தான் போட்டோ உதவும் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடி ஒளிகிறவனையும் அது காட்டிக் கொடுக்கும்.

கம்ப்யூட்டர் வைரஸ் தடுப்பு மென்பொருளால் கோடீசுவரர் ஆனவர் ஜான் மெக்காஃபி. 2012 நவம்பரில் பெலீஸ் நாட்டில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். விசாரிக்க வேண்டும் என்று போலீஸ் தேடியது. ஆசாமி தலைமறைவு! அவரோடு சுற்றிய பத்திரிகைக்காரர்கள் டிசம்பரில் ஒரு போட்டோ வெளியிட்டார்கள். அது செல்போனில் எடுத்த படம். எங்கே என்று எழுதவில்லை. ஆனால் படத்துக்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியாமல், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிவாகியிருந்தது. யாரோ ஒருத்தர் அதைப் பிரித்துப் பார்த்தார். குவாத்தமாலா நாட்டில் ஓர் உணவு விடுதி, நீச்சல்குளத்துப் பக்கம் என்பது வரை அம்பலம். இரண்டே நாளில் அவர் அங்கே கைதானார், சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைந்ததற்காக. அந்தக் கொலைக்காக அவர் மேல் குற்ற வழக்கு எதுவும் கடைசிவரை பதிவாகவில்லை.

உங்கள் செல்போன் கேமராவிலும் அந்த இடப் பதிவு இருக்கும். அமைப்பில் போய் அணைத்துவிடலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும்போது அந்தப் பதிவு போய்விடும். ஆனால் "டாக்குமென்ட்" ஆக அனுப்பினால் அப்படியே கூடப் போகும். நல்ல தெளிவாக இருக்கட்டும் என்று டாக்குமென்டாக அனுப்புகிறவர்கள் கவனிக்கவும்.

அணைத்துவிட்டால் தப்பித்தோமா? அதுதான் இல்லை. டீ மாஸ்டர் எந்த ரேகையைப் பார்த்தார்?

சூரியனும் காட்டிக் கொடுக்கும்

இந்த வித்தை ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. கொஞ்ச நாளாக நானும் பழகிக்கொண்டு வருகிறேன். நிருபர் வேலைக்கு ரொம்ப உபயோகம்.

ஒருவர் "கோவாவில் சூரிய உதயம்" என்று கடலுக்கு மேல் சூரியன் எழும் படம் போட்டார். கோவாவுக்குக் கடல் மேற்கே. அங்கே சூரியன் கடலில் விழும், கடலிலிருந்து எழாது. ஆக, ஒன்று அது சாயங்காலம் எடுத்தது, அல்லது மனுஷர் போனது புதுச்சேரி. கன்னியாகுமரி மட்டும் விதிவிலக்கு. அங்கே சில மாதங்களில் இரண்டும் கடலில்தான்.

ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ரயில் நிலையப் பலகையில் ஊர் பெயரை விரலால் மறைத்துவிட்டுச் சிலர் படம் போடுகிறார்கள். கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருப்பதை மறைக்க மறந்துவிடுகிறார்கள். வண்டி எண் டி.என். 43 என்றால் ஊட்டிப் பதிவு. அதை மட்டும் நம்பக் கூடாது, வண்டி எங்கே வேண்டுமானாலும் போகும். பத்து வண்டியில் எட்டு வண்டி 43 என்றால் நம்பலாம். வெளிநாட்டுப் படமா? வண்டி எந்தப் பக்கம் போகிறது? சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, தாய்லாந்து எல்லாம் நம்மைப் போல இடது பக்கம். துபாய் என்றால் வலது பக்கம்.

நிழல்கூடச் சொல்லும். சென்னையில் மத்தியான நிழல் வருஷத்தில் பெரும்பாலும் வடக்கே விழும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை மட்டும் தெற்கே விழும். டெல்லியில் எந்த நாளும் தெற்கே விழாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஓர் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் நான் பூகோளத்தில் 38 மார்க் வாங்கியிருக்க மாட்டேன்.

மழைக்காலம் வந்தால் எங்களுக்கு இதுதான் பிழைப்பு. "வெள்ளத்தில் முதலை" என்று ஒரு படம் வரும். எந்த ஊர், எந்த வருஷம் என்று பார்க்க வேண்டும். 2015 வெள்ளத்தில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகக் கிளம்பியது வெறும் புரளி. அதே மாதிரி 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பெருங்களத்தூர் பக்கம் முதலை ரோட்டைக் கடக்கும் வீடியோ வந்தபோது பலர் சிரித்தார்கள். அது நிஜம்! படத்தைப் பார்த்ததும் நம்புவதும் தப்பு, பார்த்ததும் சிரிப்பதும் தப்பு.

இதை விளையாட்டாகவே உலகம் பூராவும் விளையாடுகிறார்கள். 2013-ல் ஸ்வீடன்காரர் ஒருவர் ஆரம்பித்த ஜியோகெஸர் என்ற விளையாட்டு. ஏதோ ஒரு ரோட்டுப் படத்தைக் காட்டும். எந்த நாடு, எந்த இடம் என்று சொல்ல வேண்டும். மண்ணின் நிறம், கரண்ட் கம்பம், ரோட்டுக் கோடு இதைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள் பலே கில்லாடிகள். 2023-ல் ஸ்டாக்ஹோம் நகரத்தில் உலகக் கோப்பையே நடந்தது. அதே வருஷம் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு மாணவர்கள் மூன்று பேர் இதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் மூளையைப் பழக்கினார்கள். நூறு தெருப் படம் காட்டினால் தொண்ணூறுக்கு மேல் நாட்டைச் சரியாகச் சொன்னது. பெயர்பெற்ற கில்லாடி ஒருவரையே தோற்கடித்தது. இன்று செல்போனில் இருக்கும் ஏ.ஐ.யிடம் படத்தைக் கொடுத்தால் அதுவும் ஊகிக்கிறது. சில சமயம் அசடு வழியும். பல சமயம் சரியாகச் சொல்லும்.

அதாவது, டீ மாஸ்டரின் மூளை இப்போது எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. திருடன் சட்டைப் பையிலும்!

ஓட்டல் கட்டில் சொன்ன ரகசியம்

அப்படியானால் இந்த வித்தையே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். காரணம் கனடாவில் நடந்த ஒரு சம்பவம்.

டொரன்டோ போலீசிடம் சில படங்கள் சிக்கியிருந்தன. ஒரு சின்னப் பெண்ணைச் சீரழித்து ஒரு படுபாவி எடுத்து இன்டர்நெட்டில் பரப்பிய படங்கள். யார் அந்தக் குழந்தை? எங்கே இருக்கிறாள்? பல நாட்டுப் போலீசும் தேடியது. துப்பு இல்லை. 2005 பிப்ரவரியில் டொரன்டோ போலீஸ் ஒரு காரியம் செய்தது. படத்திலிருந்து குழந்தையை முழுசாக அழித்துவிட்டது. மிச்சம் இருந்தது அறை, கட்டில், போர்வை, லிப்ட், நீரூற்று. அதை மட்டும் பத்திரிகைகளுக்குக் கொடுத்து, "இந்த இடம் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டது.

போன் மணி அடிக்க ஆரம்பித்தது. லீவுக்குக் குழந்தை குட்டியோடு போய்த் தங்கியவர்கள் எல்லாம் கூப்பிட்டார்கள். அந்தப் போர்வையில்தான் நாங்கள் படுத்தோம், அந்த நீரூற்றுப் பக்கத்தில்தான் போட்டோ எடுத்தோம் என்று. அமெரிக்காவில் புளோரிடா மாநிலம், டிஸ்னி உல்லாச நகரத்தில் உள்ள ஒரு விடுதி அது! போலீஸ் பல மாதம் தேடியும் கிடைக்காததை டூர் போய் வந்த குடும்பங்கள் சொல்லிவிட்டன.

பிறகு தெரிந்தது, அந்தக் குழந்தை 2003-லேயே வேறு வழியில் மீட்கப்பட்டுவிட்டாள். அந்தப் பாவி ஏற்கெனவே ஜெயிலில். அவளைத் தத்தெடுத்து வளர்த்தவனே அவன். அது தெரியாமல்தான் இத்தனை நாள் தேடியிருக்கிறார்கள். தேடியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தை பத்திரமாக இருக்கிறாள் என்ற கடைசி வரி மட்டும்தான் ஆறுதல்.

அதற்கப்புறம் இந்த வழி பெரிதாகிவிட்டது. அமெரிக்காவில் 2016-ல் டிராபிக்கேம் என்று ஒரு ஏற்பாடு வந்தது. நீங்கள் ஓட்டலில் தங்கினால் அறையை நாலு படம் எடுத்து அனுப்பினால் போதும். கட்டில், திரை, சுவர், குளியலறை. பெண்களைக் கடத்தி விற்கும் கும்பல்கள் ஓட்டல் அறையில்தான் படம் எடுத்து விளம்பரம் செய்கின்றன. அந்தப் படத்தையும் நீங்கள் அனுப்பிய படத்தையும் ஒப்பிட்டு எந்த ஓட்டல் என்று கண்டுபிடிக்க வழி செய்கிறார்கள். ஐரோப்பாவில் யூரோபோல் போலீஸ் அமைப்பு 2017 ஜூனிலிருந்து இன்னொன்று செய்கிறது. அந்த மாதிரிப் படங்களின் பின்னணியில் உள்ள பொருளை மட்டும் வெட்டி எடுத்து ஊருக்குக் காட்டுகிறது. ஒரு துணிப்பை, ஒரு ஷாம்பு பாட்டில், ஒரு திரைச்சீலை. "இது எந்த நாட்டுச் சரக்கு?" என்று கேட்கிறது. மளிகைக் கடைக்காரர் பார்த்தால் சட்டென்று சொல்லிவிடுவார் அல்லவா? இந்த வழியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மீட்கப்பட்டிருக்கிறார்கள்.

நம் ஊர் டீக்கடை மூளைக்கும் இப்படி ஒரு வேலை கொடுத்தால் என்ன? ஜன்னல் கம்பியைப் பார்த்தால் இது எந்தப் பக்கத்து வீடு என்று சொல்கிற கொத்தனார் இருக்கிறார். துணிப்பையைப் பார்த்தால் எந்த ஊர் ஜவுளிக்கடை என்று சொல்கிற ஆள் இருக்கிறார். தரை டைல்ஸைப் பார்த்து வருஷம் சொல்கிற வியாபாரி இருக்கிறார். ஆளை அழித்துவிட்டு அறையை மட்டும் காட்டி, "தெரிந்தால் சொல்லுங்கள், எங்களிடம் மட்டும் சொல்லுங்கள்" என்று நம் போலீஸ் கேட்டால் துப்பு வந்து கொட்டும் என்பது என் அபிப்பிராயம். ஒரே நிபந்தனை. இடத்தைத்தான் கேட்க வேண்டும். "இவன்தான் அவன்" என்று ஆளை ஊகிக்க ஜனங்களை விட்டால் அப்பாவி ஒருத்தனுக்குத் தர்ம அடி விழும். ஸ்டேஷன் வாசலில் அப்படி அடி வாங்கி வந்தவரை நானே பார்த்திருக்கிறேன்.

வாய்க்கு ஒரு பூட்டு

திரும்பவும் அந்த மேற்குப் புறநகர் வீட்டுக்கு வருகிறேன்.

நான் அங்கே நின்றபோது தெருவே கூடி நின்றது. "எதுக்கும்மா போட்டோ போட்டே?", "ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிச்சா இப்படித்தான்" என்று ஆளாளுக்கு உபதேசம். எனக்குக் கோபம் வந்தது. பூட்டை உடைத்தவன் திருடன். அந்த அம்மாள் இல்லை. எட்டு வருஷத்துக்குப் பிறகு குடும்பத்தோடு ஒரு டூர். அதற்கு சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். சந்தோஷத்தில் ஒரு போட்டோ போட்டார். அது குற்றமா?

வேடிக்கை என்னவென்றால், உபதேசம் செய்தவர்களில் ஒருவர்தான் "ஊட்டி பொட்டானிக்கல் கார்டனேதான்" என்று எழுதியவர்! போட்டோ போட்ட அம்மாள் ஊரைச் சொல்லவில்லை. சொன்னவர் இவர். திரும்பும் நாளைக் கேட்டது இன்னொருவர். பதில் சொன்னது வீட்டுக்காரரின் தம்பி. அவரும் டூரில் இல்லை, சென்னையில்தான் இருந்தார். அண்ணனுக்கு உதவி செய்வதாக நினைத்து முந்திக்கொண்டு பதில் எழுதிவிட்டார். கமென்ட் எழுதிய கைகளை எண்ணிப் பார்த்தேன். பதினேழு பேர். பதினேழு பேரும் பிரியமானவர்கள்தான். எவரும் கெட்டவர் இல்லை.

எந்த ஊர் என்று கண்டுபிடித்தீர்களா? பலே! மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாய் அரித்தால் தனியாக போன் பண்ணிச் சொல்லுங்கள், அவர்களும் சந்தோஷப்படுவார்கள். எப்போது திரும்புகிறீர்கள் என்று ஊர் பார்க்கக் கேட்காதீர்கள். அடுத்தவர் வீட்டுச் சாவி எந்தப் பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிறது என்று நடுத்தெருவில் நின்று கத்துவீர்களா?

போட்டோ போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. படம் எங்கேயும் ஓடிப்போகாது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்து, பெட்டியை இறக்கிவைத்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, நாற்பது படமும் போடுங்கள். திங்கட்கிழமை ஆபீசில் பார்க்கிறவர்களுக்கு அதே வயிற்றெரிச்சல்தான், குறையாது. முடியவே முடியாது, இன்றைக்கே போட வேண்டும் என்றால் சொந்தக்காரர்கள் நாலு பேருக்கு மட்டும் அனுப்புங்கள். கிரகப்பிரவேசப் படத்தில் கதவு எண் தெரிகிறதா என்று இன்றே ஒரு தடவை பாருங்கள்.

அந்த வீட்டு வழக்கில் விரல் ரேகை எடுத்திருக்கிறார்கள். தெரு முனைக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மாள் போட்டோவை எடுத்துவிட்டார். எடுப்பதற்கு முன்னால் மகள் அதைத் தன் போனில் சேமித்து வைத்துக்கொண்டாளாம். பாட்டி சிரித்த ஒரே போட்டோ அதுதான் என்றாள்.

காய்ச்சல்காரர் திங்கட்கிழமை டீக்கடைக்கு வந்தார். கர்சீப்பை மூக்கில் வைத்து இரண்டு தடவை தும்மினார். உடம்பு எப்படி என்று கேட்டோம். "அதையேன் கேக்கறீங்க, எழுந்திரிக்கவே முடியல" என்றார். டீ மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. ஒரு கிளாஸ் டீயை அவர் முன்னால் வைத்தார்.

"தொட்டுக்க என்ன சார் வேணும்? வடையா? இல்லே, பையில வர்க்கி வச்சிருக்கீங்களா?"